சிறுவர் கதைகளில் குணநல வளர்ச்சி

(ஆண்டு விழாவின் பெற்றோர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறுவர் கதைகளில் குணநல வளர்ச்சி என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். இத்தலைப்பை இரு வகையாகக் கொள்ளலாம். கதையைக் கேட்கும் குழந்தையின் குணம் வளர்வது ஒன்று. கதைக்குள் வாழும் குழந்தையின் குணம் வளர்வது மற்றொன்று. பெற்றோராகிய நாம் பெரும்பாலும் முன்னதைப் பற்றியே கவலை கொள்கிறோம். "இந்தக் கதையால் என் பிள்ளைக்கு என்ன நீதி கிடைக்கும்?" என்று கேட்டே நூலை வாங்குகிறோம். ஆனால், கதைக்குள் இருக்கும் பிள்ளை உண்மையாக வளராவிட்டால், கதை கேட்கும் பிள்ளையும் அதனால் வளர்வதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுவே.

நம் கைக்கு எளிதில் கிடைக்கும் நீதிக்கதைகளை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரில் ஒரு நல்ல சிறுவன். அவன் முதல் வரியிலும் நல்லவன், கடைசி வரியிலும் நல்லவன். இன்னொருவன் தீயவன், அவனுக்கு ஒரு துன்பம் நேர்கிறது, "அன்று முதல் அவன் திருந்தினான்" என்று கதை முடிகிறது. அந்தத் "திருந்தினான்" என்ற ஒரு சொல்லுக்குள் நடந்தது என்ன என்பதைக் கதை சொல்வதே இல்லை. கேட்கும் குழந்தையோ அனுபவசாலி. தங்கையை இனி அடிக்க மாட்டேன் என்று நேற்று அம்மாவிடம் வாக்களித்துவிட்டு, இன்று காலை அடித்துவிட்டு வந்திருக்கும் பிள்ளை அது. திருந்துவது ஒரு வரியில் முடிகிற காரியமன்று என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஆகவே அக்கதையை அது நம்புவதில்லை. நம்மிடம் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடுகிறது.

அப்படியானால் குணம் கதைக்குள் எவ்வாறு வளர்கிறது? உலகம் முழுவதும் பிள்ளைகள் படிக்கும் இரண்டு நூல்களையும், நம் வீட்டுச் செல்வமாகிய ஒரு காப்பியத்தையும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

மரப்பாவை மனிதனான கதை

முதலாவது, இத்தாலி நாட்டின் பினோக்கியோ. இதனை எழுதியவர் புளோரன்ஸ் நகரத்தவரான கார்லோ கொல்லோடி. 1881 ஜூலையில் ஒரு சிறுவர் இதழில் தொடராக வெளிவரத் தொடங்கி, 1883இல் நூலானது. பொய் சொன்னால் மூக்கு நீளும் பாவை என்ற அளவிலேயே நம்மில் பலர் இக்கதையை அறிவோம். உண்மையில் பொய்யால் மூக்கு நீளும் இடங்கள் நூலில் மிகச் சிலவே. நூல் முழுவதும் நடப்பது வேறு.

தொடக்கத்திலேயே ஒரு வியப்பு. நூறாண்டுக்கு மேலாக அந்த வீட்டில் வாழும் பேசும் சிள்வண்டு ஒன்று பினோக்கியோவுக்கு அறிவுரை கூறுகிறது. பெற்றோர் சொல் கேட்க வேண்டும், படிக்க வேண்டும், தொழில் கற்க வேண்டும் என்கிறது. சொன்னவை யாவும் சரியானவை. பாவை சினந்து மரச் சுத்தியலை எடுத்து வீசுகிறது; வண்டு சுவரோடு ஒட்டி மாண்டுபோகிறது. அறிவுரை கூறும் பாத்திரத்தை நான்காம் அத்தியாயத்திலேயே ஆசிரியர் இவ்வாறு விலக்கிவிடுகிறார். 1940இல் வந்த வால்ட் டிஸ்னியின் படத்தைப் பார்த்தவர்கள் இதை அறிய மாட்டார்கள். படத்தில் அந்த வண்டு கடைசிவரை உடன் வருகிறது. கொல்லோடிக்கோ அறிவுரையால் பாவை மனிதனாகும் என்ற நம்பிக்கை இல்லை.

அதன்பின் நடப்பவற்றைக் கவனியுங்கள். பாவையைச் செய்த ஏழைத் தச்சர் ஜெப்பெத்தோ, அவனுக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கக் காசில்லாமல், பனி பெய்யும் நாளில் தம் ஒரே மேலங்கியை விற்றுப் புத்தகத்தோடு வருகிறார். அங்கி எங்கே என்று பிள்ளை கேட்க, வெப்பமாக இருந்ததால் விற்றுவிட்டேன் என்கிறார். பிள்ளைக்குப் புரிகிறது, அவரைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். ஆனால் பள்ளிக்குப் போகும் வழியில் பொம்மலாட்டக் கொட்டகையின் இசை கேட்டதும், நான்கு காசுக்கு அப்புத்தகத்தை விற்று உள்ளே நுழைந்துவிடுகிறான். அன்பு உண்டு, உறுதி இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தானே?

இதன்பின் அவன் பலமுறை வாக்களிக்கிறான், பலமுறை தவறுகிறான். நரியும் பூனையும் பொற்காசு ஆசை காட்டி ஏமாற்றுகின்றன. கருவாலி மரத்தில் தொங்கவிடுகின்றன. ஆசிரியர் கதையை அவ்விடத்திலேயே முடித்துவிட்டார். படித்த பிள்ளைகள் விடவில்லை. 1882இல் தொடர் மீண்டும் தொடங்கிற்று. தவறியவன் தவறியபடியே மடிவதைப் பிள்ளைகள் ஏற்கவில்லை என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிறகு, நாளை நீ மனிதச் சிறுவனாவாய் என்று தேவதை உறுதி கூறிய அதே மாலையில், லுச்சிஞோலோ என்னும் தோழன் அழைக்க, படிப்பே இல்லாத விளையாட்டு நாட்டுக்கு அவனோடு ஓடிவிடுகிறான். ஐந்து மாதக் களிப்பின் முடிவில் இருவரும் கழுதைகளாகிறார்கள். அடிபட்டு, விற்கப்பட்டு, கடலில் எறியப்பட்டு, மீண்டும் பாவையாகி, பெருமீன் விழுங்கிய வயிற்றுக்குள் தந்தையைக் காண்கிறான். அவரைத் தோளில் சுமந்து நீந்திக் கரைசேர்க்கிறான்.

இவ்வளவு ஆகியும் அவன் மனிதனாகவில்லை. நோயுற்ற தந்தைக்கு ஒரு குவளைப் பால் வேண்டும். ஒரு தோட்டக்காரர், நூறு வாளி நீர் இறைத்தால் பால் தருவேன் என்கிறார். அதுவரை அந்த ஏற்றத்தை இழுத்து வந்த கழுதை தொழுவத்தில் உயிர் விடும் நிலையில் கிடக்கிறது. பினோக்கியோ அதன் அருகில் குனிந்து, கழுதைகளின் மொழியிலேயே நீ யார் என்று கேட்கிறான். அது, லுச்சிஞோலோ என்று பெயர் சொல்லிக் கண் மூடுகிறது. தான் போயிருக்க வேண்டிய வழியின் முடிவை அவன் அங்கே காண்கிறான். அக்காட்சிக்குப் பின் யாரும் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. ஐந்து மாதங்கள் விடியுமுன் எழுந்து நீர் இறைக்கிறான். கூடை முடையக் கற்கிறான். இரவில் படிக்கவும் எழுதவும் பழகுகிறான். புதிய சட்டைக்கென்று நாற்பது காசு சேர்க்கிறான். தன்னைக் காத்த தேவதை நோயில் கிடப்பதாகக் கேட்டதும் அக்காசு முழுவதையும் கொடுத்துவிட்டு, அன்றிரவு எட்டுக் கூடைகளுக்குப் பதிலாகப் பதினாறு முடைந்துவிட்டு உறங்குகிறான். விழித்தெழும்போது மனிதச் சிறுவனாக இருக்கிறான்.

தொடக்கத்தில் தந்தை தம் அங்கியை விற்றார். முடிவில் மகன் தன் சட்டைக் காசைக் கொடுத்தான். இடையிலே இருக்கும் அத்தியாயங்களே குணநல வளர்ச்சி. அவற்றைச் சுருக்கி, பொய் சொல்லாதே என்ற ஒரு வரியாகக் கொடுத்தால் பிள்ளையின் கையில் எதுவும் மிஞ்சாது.

தோட்டத்தில் மலர்ந்த சிறுமி

இரண்டாவது நூல், பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதி 1911இல் வெளிவந்த 'இரகசியத் தோட்டம்'. அதன் நாயகி மேரி நம் இந்திய மண்ணில் பிறந்த ஆங்கிலேயச் சிறுமி. தாய்தந்தையர் அவளைக் கவனிக்கவில்லை. பணியாளர்கள் அவள் கேட்டதையெல்லாம் அஞ்சிக் கொடுத்தார்கள். ஆயாவை அடிப்பாள், ஏசுவாள். காலரா நோயில் பெற்றோர் மாண்டபின், இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள மாமாவின் மாளிகைக்கு அனுப்பப்படுகிறாள். நாயகி விரும்பத்தகாதவள் என்று சொல்லியே ஆசிரியை நூலைத் தொடங்குகிறார். அதற்குத் துணிவு வேண்டும்.

அந்த மாளிகையில் யாரும் அவளுக்கு அன்பைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. உடை உடுத்திவிடு என்று அவள் கைநீட்ட, உனக்கே உடுத்தத் தெரியாதா என்று பணிப்பெண் மார்த்தா வியக்கிறாள். சிடுசிடுத்த முதிய தோட்டக்காரர் பென், நீயும் நானும் ஒரே துணியில் நெய்தவர்கள், இருவருக்கும் முகமும் கடுகடுப்பு, குணமும் கடுகடுப்பு என்ற பொருள்பட வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். தன் குணம் எப்படிப்பட்டது என்று மேரி அதுவரை எண்ணியதே இல்லை. அந்த முதியவரின் முகத்தைப் பார்த்தபோதுதான், நானும் இப்படித்தான் தோன்றுகிறேனா என்ற வினா அவளுக்குள் எழுகிறது.

பத்தாண்டுகள் பூட்டிக்கிடந்த தோட்டத்தின் சாவி அவள் கைக்கு வருகிறது. களை நீக்குகிறாள், மண்ணைக் கிளறுகிறாள், பசி எடுக்கிறது, உடம்பு தேறுகிறது. தன்னைத் தவிர வேறொன்றைப் பேணும் பழக்கம் அவளுக்கு மண்ணிலிருந்தே வருகிறது. பிறகு ஓரிரவு, அதே மாளிகையில் அடைபட்டுக் கிடக்கும் மாமன் மகன் காலின், தான் கூனனாகிச் சாகப் போவதாகக் கத்திக் கூச்சலிடுகிறான். பணியாளர் அனைவரும் நடுங்கி நிற்க, மேரி உள்ளே பாய்ந்து அவனைவிட உரக்கச் சத்தமிட்டு அடக்குகிறாள். முன்னர் தான் செய்த அழிச்சாட்டியமே இன்னொரு குழந்தையின் உருவில் எதிரே கிடக்கிறது. பென்னிடம் தன் முகத்தைக் கண்டவள், காலினிடம் தன் பழைய நடத்தையைக் காண்கிறாள். அவனைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வதில் அவள் வளர்ச்சி நிறைவு பெறுகிறது.

மரப்பாவைக்கும் இச்சிறுமிக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. பிறர் ஒருவரிடத்தில் தன்னைக் காணும்போதே இருவரும் மாறத் தொடங்குகிறார்கள். கழுதையிடம் பினோக்கியோ தன்னைக் கண்டான். தோட்டக்காரரிடமும் காலினிடமும் மேரி தன்னைக் கண்டாள். "அது நான்" என்று உள்ளம் உணரும் அக்கணத்தை வெளியிலிருந்து யாரும் திணிக்க இயலாது. உணர்ந்தபின் கை உழைக்க வேண்டும். காலம் செல்ல வேண்டும். இவை இரண்டையும் காட்டும் கதையே குணம் வளரும் கதை.

சீவகன் கேட்ட கதை

இதனை நாம் அயல்நாட்டிலிருந்து கற்க வேண்டியதில்லை. திருத்தக்கதேவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீவக சிந்தாமணியில் காட்டியிருக்கிறார்.

அமைச்சன் கட்டியங்காரனின் வஞ்சத்தால் மன்னன் சச்சந்தன் வீழ்ந்ததும், அரசி விசயை மயிற்பொறியில் தப்பிச் சுடுகாட்டில் மகனைப் பெற்றதும் நாம் அறிந்தவை. வணிகன் கந்துக்கடன் அக்குழந்தையை எடுத்துத் தன் மகனாக வளர்த்தான். அச்சணந்தி ஆசிரியராகிக் கலைகள் அனைத்தையும் கற்பித்தார். கல்வி முடிந்தபின், நீ அரசன் மகன் என்னும் உண்மையை அவனுக்குச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது?

அச்சணந்தி அதை ஒரு கதையாகச் சொன்னார். ஒரு மன்னன் இருந்தான், ஓர் அமைச்சன் வஞ்சித்தான், ஒரு குழந்தை சுடுகாட்டில் பிறந்தது என்று யாரோ ஒருவனின் வரலாறு போலச் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்டுக்கொண்டிருந்த சீவகன் அக்குழந்தை யார் என்று வினவினான். அது நீயே என்றார் ஆசிரியர். சீவகன் மயங்கி விழுந்தான். தெளிந்ததும் சினம் பொங்கிற்று. அப்போதே கட்டியங்காரனைக் கொல்ல எழுந்தான். ஓராண்டு பொறுத்திரு என்று ஆசிரியர் அவனிடம் உறுதி பெற்றுக்கொண்டார்.

பெற்றோர்களே, இக்காட்சியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் எதை விட்டுவிடுகிறோம்? சினத்தை விட்டுவிடுகிறோம். சீவகன் அழகன், வீரன், கலைவல்லவன், இறுதியில் துறவு பூண்டு முத்தி பெற்றான் என்று முடித்துவிடுகிறோம். குறையே இல்லாத அச்சீவகனைப் பிள்ளை தொலைவில் நின்று கும்பிடுகிறதே அல்லாமல் நெருங்குவதில்லை. தந்தைக்கு நேர்ந்ததைக் கேட்டுக் கைநடுங்க எழுந்த இளைஞனை, ஓராண்டு பொறு என்ற ஒரு சொல்லால் ஆசிரியர் நிறுத்தினார் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மணி நேரம் பொறுப்பதே எவ்வளவு கடினம் என்று அறிந்த பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

இனி, காப்பியத்தின் முடிவைப் பாருங்கள். பகைவன் அழிந்து, நாடு மீண்டு, சீவகன் அரசாண்டு வருகிறான். ஒருநாள் சோலையில் ஆண் குரங்கு ஒன்று தன் துணைக்குப் பலாச்சுளை கொடுக்கிறது. காவலன் வந்து, அவற்றை ஓட்டிவிட்டுப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். மற்றவர்களுக்கு அது நாள்தோறும் நடக்கும் காட்சி. சீவகனோ அதில் தன் வரலாற்றையே கண்டான். பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனைப் போன்றது. பறித்துக்கொண்ட காவலன் தன்னைப் போன்றவன். கைமாறும் அப்பழமே அரச இன்பம் என்று எண்ணினான். அவ்வெண்ணமே அவனைத் துறவுக்கு இட்டுச் சென்றது.

இளமையில் கதையைக் கேட்டு, அது யார் என்று ஆசிரியரிடம் வினவியவன் அவன். அப்போது அவன் தன்னைக் கண்டது வஞ்சிக்கப்பட்ட பக்கத்தில். முதிர்ந்தபின் யாரிடமும் வினவவில்லை. பறித்தவனின் பக்கத்திலும் தன்னைத் தானே கண்டுகொண்டான். வெற்றி பெற்ற மன்னன், தன் பகைவன் இடத்தில் ஒரு குரங்கையும், தன் இடத்தில் ஒரு பழம்பறிப்பவனையும் வைத்து நோக்கினான் என்றால், அந்த உள்ளம் கடந்துவந்த தொலைவு எவ்வளவு! குணநல வளர்ச்சிக்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் படித்ததில்லை.

கதை சொல்வோருக்குச் சில சொற்கள்

வார இறுதி வகுப்புகளில் கதை சொல்வோரும், இரவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் தாய்தந்தையரும் நடைமுறையில் என்ன செய்யலாம்?

முதலாவதாக, நாயகனின் குறையை மறைக்காதீர்கள். அவன் சினந்தான், அஞ்சினான், ஆசைப்பட்டான் என்று சொல்வதால் அவன் பெருமை குறைவதில்லை. அவன் கடந்து வந்தது இன்னதென்று அப்போதுதான் தெரியும்.

இரண்டாவதாக, செயலின் பயன் செயலிலிருந்தே விளையட்டும். வினைப்பயனைப் போற்றும் குடும்பங்களில் பிறந்தவர்கள் நாம். ஆயினும் கதை சொல்லும்போது, தவறு செய்த சிறுவனை எங்கிருந்தோ ஒரு பாம்பு கடித்தது என்று அவசரமாக முடித்துவிடுகிறோம். அது வினைப்பயன் ஆகாது. கதை சொல்பவர் கொடுத்த தண்டனை. புத்தகத்தை விற்றவனுக்குப் படிப்பு இல்லாமற் போயிற்று என்பதே பயன்.

மூன்றாவதாக, ஒரே தவற்றில் பாடம் கற்பிக்காதீர்கள். இரண்டாம் முறையும் தவறட்டும். அப்போது அவனைக் கைவிடாத ஒருவர் கதையில் இருக்கட்டும். மேலங்கியை விற்ற ஜெப்பெத்தோவும், ஓராண்டு பொறு என்ற அச்சணந்தியும் அத்தகையவர்கள். தவறிய பின்னும் தனக்கு ஒருவர் உண்டு என்ற நம்பிக்கை கேட்கும் பிள்ளைக்கும் தேவைப்படுகிறது.

நான்காவதாக, முடிவில் நீதியைச் சொல்லாதீர்கள், வினாவைக் கேளுங்கள். அம்புலிமாமா இதழில் வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் விக்கிரமாதித்தனிடம் வினாவே தொடுத்தது. அதனாலன்றோ நம் தலைமுறையினர் அக்கதைகளை இன்னும் நினைவில் வைத்திருக்கிறோம்! "சீவகன் ஏன் ஓராண்டு பொறுத்தான்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். விடை உடனே வராது. வரும்போது, நாம் சொல்லவிருந்த நீதியைவிடச் சிறந்ததாக இருக்கக்கூடும்.

நிறைவாக ஒன்று. சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்ற உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்தில் சமணர் இல்லம் ஒன்றுக்குச் சென்றபோது வாயிலில் மாவிலைத் தோரணமும் கோலமும் கண்டார். என்ன விசேடம் என்று கேட்டதற்கு, சிந்தாமணி படித்து முடித்த விழா என்றார்கள். ஒருவர் படித்துப் பொருள் கூற, குடும்பத்தார் மாதக்கணக்கில் அமர்ந்து கேட்டு நிறைவு செய்திருந்தார்கள். அவர்களிடம் கேட்டுத் தெளிந்த பொருளின் துணையோடு, அவர் பதிப்பு 1887இல் வெளிவந்தது. வீட்டுத் திண்ணையில் கேட்கப்பட்ட கதை தமிழுலகத்துக்கே கிடைத்தது.

இன்று நம் குடும்பங்கள் வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் பரவியிருக்கின்றன. பினோக்கியோவும் மேரியும் நம் பிள்ளைகளின் கைக்குத் தாமாகவே வந்து சேர்வார்கள், அவர்களை வரவேற்போம். சீவகனை நாம் சொன்னால்தான் உண்டு. மாதக்கணக்கில் அமர முடியாவிட்டாலும், வாரம் ஒரு மாலை கால்மணி நேரம் ஒதுக்குங்கள். முழுக் காப்பியத்தையும் சொல்ல வேண்டுமென்பதில்லை. அச்சணந்தி கதை சொன்ன அந்த ஓரிடத்திலிருந்து தொடங்குங்கள். "அந்தக் குழந்தை யார்?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளையும் கேட்கும்.